மைனஸ் பன்னிரண்டு

பதினொன்று நாற்பதுக்கே சதுக்கத்தில் இடமில்லை.
ஊதா அங்கி, ஊதாத் தலைத்துணி,
இடுப்பில் தோல்வாரோடு ஆயிரம் முரசுகள்.
ஒன்றிலும் குச்சி படவில்லை.
அரகோன் மலையடியில் புனித வெள்ளி;
நண்பகல் மணிக்குத்தான் முதல் அடி.
அதுவரை இருமலுக்கும் கூச்சம்.

நான் ரொட்டிக்கடை மாடியில்.
மைக்கை இரும்புக் கிராதியில் கட்டிவிட்டு
ரெக்கார்டரின் சின்னத் திரைக்கு
உள்ளங்கையால் குடை பிடிக்கிறேன்.
இந்த வெயிலில் எண்கள் தெரிவதில்லை.

எனக்கு முரசு வேண்டாம்.
முரசு எல்லாரிடமும் இருக்கிறது, போனில், உடைந்து.
அதற்கு முந்தைய மூச்சு வேண்டும்.
ஆயிரம் பேர் ஒன்றாய் இழுத்து
விடாமல் வைத்திருக்கிற
அந்த ஒரு வாய்க் காற்று.

மூச்சுக்காக ஏற்றி வைத்தால்
முதல் அடியிலேயே அலைக்கு மொட்டை விழும்.
உச்சி சீவப்பட்டு
திரை நெடுக மொட்டைக் கோபுரங்கள்.
எந்த மென்பொருளும் அதற்கு முடி வளர்க்காது.
முரசுக்காக இறக்கினால்
பெட்டியின் சொந்த இரைச்சலுக்குள்
மூச்சு உப்பாய்க் கரைந்துபோகும்.

இடையில் நிற்கத்தான் லிமிட்டர்.
மைனஸ் ஆறில் ஒரு தாழ்ந்த வாசல்.
எவ்வளவு பெரிய ஆளானாலும் குனிந்து வா.
போன வருடம் அதை மட்டுமே நம்பினேன்.
ஒலி அதற்கு முன்னாலேயே, மைக்கின் பெருக்கியில்,
உடைந்துவிட்டிருந்தது.
உடைந்ததை லிமிட்டர் மரியாதையாய்
அமுக்கிக் கொடுத்தது.
மேலேயே கரை உடைந்த ஆற்றுக்கு
மதகு என்ன செய்யும்?

அதனால் இன்று காலை சந்தில்
ஒரே ஒரு ஆளை அடிக்கச் சொன்னேன்.
எலாடியோ. என் தம்பி. பெரிய முரசு.
அப்பாவின் ஒலிவச் செக்கை நான் விற்றதிலிருந்து
இரண்டு வருடமாய்ப் பேச்சில்லை.
எவ்வளவு பலமாக என்று கேட்கவில்லை அவன்.
முகம் பார்க்காமல் ஓர் அடி.
எண் சிவந்தது. நான்கு டெசிபல் இறக்கினேன்.
இன்னொன்று. இன்னும் நான்கு.
மைனஸ் பன்னிரண்டில் வந்து நின்றது.
தலையாட்டினேன். போய்விட்டான்.
இரண்டு வருடத்தில் எங்கள் நீளமான உரையாடல்.

ஒருவனுக்கு இது சரி. ஆயிரத்துக்கு?
தூரம் கொஞ்சம் தின்னும்.
தேவாலயச் சுவர் கொஞ்சம் திருப்பித் தரும்.
குத்துமதிப்பாய் இன்னும் ஆறு குறைத்தேன்.

மீட்சி நேரத்தையும் சுருக்கினேன்.
அமுக்கிய கையை லிமிட்டர் எடுக்க மறந்தால்
அடிக்கும் அடிக்கும் நடுவில் உள்ளதெல்லாம்
மூச்சு முட்டிப் போகும்.
எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.
அம்மா மேசையை ஒருமுறை தட்டுவாள்,
சண்டை அடங்கும்.
பிறகு ஞாயிறு முழுக்க
கரண்டிச் சத்தம்கூட மேலே வராது.

பதினொன்று ஐம்பத்தெட்டு.
எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடம்,
இருபது டெசிபல் கீழே.
இந்தப் பெட்டி வருவதையெல்லாம்
ஒரு மில்லிநொடி நிறுத்திவைத்து
எட்டிப் பார்த்த பிறகே எழுதிக்கொள்கிறது.
பத்திரத்தில் கையெழுத்திட்ட அன்று
எனக்கும் அந்த ஒரு மில்லிநொடி இருந்திருந்தால்
‘உனக்கு என்ன தெரியும்’ என்பதை
மைனஸ் ஆறில் சொல்லியிருப்பேன்.
சொல்லாமலும் விட்டிருப்பேன்.

கீழே ஊதாக் கடலில் ஒரு முகம் நிமிர்கிறது.
எலாடியோ.
குச்சி பிடித்த கையை விரித்து
உள்ளங்கையைத் தரைப்பக்கம் காட்டி
இரண்டு முறை அமுக்குகிறான்:
குறை. இன்னும் குறை.

எனக்குத் தெரியும் என்று வாய் வரைக்கும் வந்தது.
குமிழைத் திருகினேன். மூன்று டெசிபல்.
மூச்சில் கொஞ்சம் போகும்.
போகட்டும்.

ஹெட்போனில் ஒரு புறா.
யாரோ ஒருவரின் தோல்வார் கிறீச்சிடுகிறது.
கோபுரத்தில் மணிக்கயிறு இறுகுகிறது.
இதோ,
எல்லாரும் இழுக்கிறார்கள்.

நானும்.